இரண்டு மீன், 16 அங்குலம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுப்பதற்காகப் பாறாங்கற்களைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும் சுவர்களுக்குத் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். நுனி தூண்டில் முள்ளைப் போல வளைந்திருப்பதால் வந்த பெயரே தவிர, அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போடும் எங்களை நினைத்து வைத்த பெயர் அன்று. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பும் பின்பும், உடம்பு சரியில்லாத நாட்களையும் புயல் நாட்களையும் கழித்துவிட்டால், ஏறத்தாழ எல்லா ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடியற்காலையில் நான் அந்தக் கற்களில் ஏதாவது ஒன்றின்மேல்தான் இருப்பேன். சில வாரங்கள் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போவதும் உண்டு.

அந்த நேரத்தில்தான் என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து அழைப்பான். அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில், கப்பல் கட்டும் தளம் ஒன்றில் அவனுக்கு வேலை. எனக்கு ஞாயிறு காலை ஆறரை மணி என்றால் அவனுக்குச் சனி இரவு எட்டு மணி. சிறுவயதில் தண்டையார்பேட்டையிலிருந்து என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து தூண்டில் போடக் கற்றவன் என்பதால், அங்கே போன மூன்றாம் ஆண்டே இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பழைய படகு ஒன்றை வாங்கிவிட்டான். கோடையில் அவன் பேச்சு எப்போதும் ஒரே புலம்பலில்தான் தொடங்கும்.

“மாமா, இன்னிக்குப் பதினேழு மீன் மாட்டுச்சு. ஆளுக்கு ரெண்டுதான் எடுத்துட்டு வந்தோம்.”

விடியற்காலை ஐந்து மணியிலிருந்து உட்கார்ந்து நான்கு கிழங்கான் பிடித்திருப்பவனிடம் சொல்லத்தக்க துயரமா அது? முதல் இரண்டு ஆண்டுகள் நான் சிரித்துக்கொண்டே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடல் தருகிறது, சட்டம் விடமாட்டேன் என்கிறது. இது வயிறு நிறைந்தவன் ஏப்பம் என்றே நினைத்தேன். 2023 ஜூனில் அவன் வீட்டுக்குப் போய், அவனோடு ஒரு நாள் கடலுக்கும் போய் வந்த பிறகுதான் அவன் கோபத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது.

அவர்கள் துரத்தும் மீனுக்கு அங்கே ரெட் ஸ்னாப்பர் என்று பெயர். காசிமேட்டில் நாம் வாங்கும் சங்கராவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று சொல்லலாம். அதே நிறம், அதே முகவெட்டு, ஆனால் பல மடங்கு பெரிதாக வளரும். 50 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். மெக்சிகோ வளைகுடாவில் வணிகப் படகுகளும் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களும் சேர்ந்து இந்த மீனை ஒரு காலத்தில் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்துவிட்டார்கள். அதனால் ஆண்டுக்கு இத்தனை பவுண்டு எடை மட்டுமே பிடிக்கலாம் என்று கோட்டா வந்தது. 2032ஆம் ஆண்டுக்குள் மீன்வளத்தை மீட்டெடுக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. அலபாமாவில் இன்று ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன். ஒவ்வொன்றும் குறைந்தது 16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இதில் என் மருமகனுக்கு எந்தக் குறையும் இல்லை. அவனுடைய குறை நாட்களைப் பற்றியது.

மத்திய அரசின் கடற்பகுதியில் 2007இல் 194 நாட்கள் இந்த மீனைப் பிடிக்கலாம் என்று இருந்தது. 2014இல் அது 9 நாட்களாகச் சுருங்கியது. 2017இல் தனியார் படகுகளுக்கு முதலில் அறிவிக்கப்பட்டவை மூன்றே நாட்கள்; எதிர்ப்பு கிளம்பிய பிறகு வாரக்கடைசிகளாகப் பார்த்து 39 நாட்களைச் சேர்த்தார்கள். மீன் அழிந்துகொண்டிருந்ததால் நாட்கள் குறைந்திருந்தால் யாரும் இவ்வளவு கொதித்திருக்க மாட்டார்கள். பெரும்பாலும் மீன் பெருகியதால்தான் குறைந்தன. கோட்டா எடைக்கணக்கில் இருக்கிறது. கட்டுப்பாட்டால் மீன்கள் அதிக ஆண்டுகள் வாழ்ந்து கனத்தன, கடலெங்கும் பெருகி எளிதில் மாட்டவும் தொடங்கின. ஆகவே முன்பு நூறு நாட்களில் நிரம்பிய எடை ஒரு வாரத்தில் நிரம்பிவிட்டது. விரதம் இருந்து வரம் வாங்கியவனைப் பார்த்து, வரம் கிடைத்துவிட்டது, இனி முன்னைவிடக் கடுமையாக விரதம் இரு என்று சொன்னால் அவன் என்ன செய்வான்?

பாகப்பிரிவினை அதற்கு மேல். வளைகுடாவின் மொத்தக் கோட்டாவில் 51 விழுக்காடு வணிக மீனவர்களுக்கு, 49 விழுக்காடு பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு என்று 1990இல் பிரித்தார்கள். 1979 முதல் 1987 வரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்ற கணக்கே அந்தப் பிரிவினைக்கு அடிப்படை. இதை மாற்ற நடந்த ஒரு முயற்சி 2017இல் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது. பொழுதுபோக்குக்காரர்களின் பங்கு, சொந்தப் படகுக்காரர்களுக்கும் வாடகைக்கு ஆளேற்றிப் போகும் படகுகளுக்கும் இடையே மறுபடியும் பிரிகிறது. சொந்தப் படகுக்காரர்களின் பங்கை 2020 முதல் ஐந்து மாநிலங்கள் பகிர்ந்துகொள்கின்றன: ஃபுளோரிடாவுக்கு 44.822, அலபாமாவுக்கு 26.298, லூசியானாவுக்கு 19.120, டெக்சாஸுக்கு 6.210, மிசிசிப்பிக்கு 3.550 விழுக்காடு. தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்கள். நகைக்கடையில் தங்கம் நிறுப்பதைப் போல.

அலபாமாவின் கடற்கரை நீளம் 53 மைல்தான். அவ்வளவு சிறிய கரைக்குக் கால் பங்குக்கு மேல் கிடைத்திருப்பதைப் பார்த்து மற்ற மாநிலத்தார் முணுமுணுப்பதுண்டு. ஆனால் அந்த மாநிலம் பல பத்தாண்டுகளாகப் பழைய கார்களையும் கான்கிரீட் குழாய்களையும் ராணுவ டாங்கிகளையும்கூடக் கடலில் இறக்கிச் செயற்கைப் பார்களை, அதாவது கடலடித் திட்டுகளை, உண்டாக்கியிருக்கிறது. வெறும் மணலாகக் கிடந்த அடித்தளத்தில் மீன் அண்டுவதற்கு வீடு கட்டிக்கொடுத்தவர்கள் நாங்கள், ஆகவே பங்கும் எங்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஃபுளோரிடாவில் எனக்கு மருமகன் யாரும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும்கூட என் மருமகன் பொறுத்துக்கொள்வான். அவனைத் தூங்கவிடாத எண் வேறொன்று: 0.4875.

அலபாமாவில் 2014 முதல் ஒரு விதி இருக்கிறது. ரெட் ஸ்னாப்பருடன் வரும் படகு, மீனைக் கரையிறக்குவதற்கு முன்பே எத்தனை மீன் என்பதை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். கைபேசியிலேயே தெரிவிக்கலாம். கரையில் அலுவலர்கள் நின்று அதைச் சரிபார்க்கவும் செய்கிறார்கள். மத்திய மீன்வளத் துறைக்கோ வேறு முறை: எத்தனை முறை மீன் பிடிக்கப் போனீர்கள் என்று வீடுகளுக்கு அஞ்சலில் வினாத்தாள் அனுப்பி, இறங்குதுறைகளில் சிலரை நேரில் கண்டு கேட்டு, இரண்டையும் பெருக்கி மொத்தப் பிடிப்பை மதிப்பிடுகிறது. இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகவில்லை. மாநிலம் ஒன்று என்று எண்ணிய இடத்தில் மத்தியக் கணக்கு இரண்டுக்கு மேல் காட்டியது. ஆகவே இரண்டையும் ஒரே நாணயத்துக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி அலபாமாவின் கோட்டாவை 2023 தொடக்கத்தில் 0.4875ஆல் பெருக்கினார்கள். ஏறத்தாழப் பாதி. அப்போது மிசிசிப்பியின் பெருக்கெண் 0.3840. அதே 2023ஆம் ஆண்டில், வினாத்தாளில் கேள்விகளின் வரிசையை மாற்றிச் சோதித்துப் பார்த்தபோது மீன்பிடிப் பயணங்களின் மதிப்பீடு 30 முதல் 40 விழுக்காடு வரை குறைந்து வந்ததாக மத்தியத் துறையே அறிவித்தது.

“நான் ஒவ்வொரு மீனையும் எண்ணிச் சொல்றேன் மாமா. அவங்க தபால்ல கேட்டுப் பெருக்கறாங்க. ஆனா என் கணக்கு தப்பாம்” என்றான், படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டே. அன்றுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

டாஃபின் தீவிலிருந்து கிளம்பி, கரை மறைந்த பிறகும் வெகுதூரம் போனோம். எனக்கான உரிமத்தை அவன் முதல் நாளே வாங்கி வைத்திருந்தான். ஏறத்தாழ நூறடி ஆழத்தில், கீழே என்ன கிடக்கிறது என்று திரையில் பார்த்து நிறுத்தி, கணவாய்த் துண்டைக் கோத்து இறக்கினோம். ஈயக்குண்டு தரையைத் தொடுவதற்குள் இழுத்தது. இங்கே கல்லிடுக்கில் சிக்கினால்தான் எனக்கு அப்படித் தூண்டில் நரம்பு விறைக்கும். முதல் மீன் மேலே வந்தபோது அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ பலூன் போலப் பிதுங்கிக்கொண்டிருந்தது. இரையை முழுதாக விழுங்காமல் வந்திருக்கிறது என்று நினைத்தேன். அது மீனின் இரைப்பை. ஆழத்திலிருந்து வேகமாக ஏறும்போது உள்ளே இருக்கும் காற்றுப்பை விரிந்து இரைப்பையை வாய்வழியே தள்ளிவிடுகிறது. கண்களும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. அளவுப் பலகையில் வைத்தான். பதினைந்தரை அங்குலம்.

காசிமேட்டில் அந்த மீனுக்கு நான்கு பேர் ஏலம் கேட்பார்கள். அவன் அதன் கீழ்த்தாடையைக் கனமான குண்டு கட்டிய ஒரு கவ்வியில் மாட்டி, நரம்போடு கடலுக்குள் இறக்கினான். குறிப்பிட்ட ஆழத்துக்குப் போனதும் அழுத்தத்தில் கவ்வி தானாகத் திறந்து மீனை விட்டுவிடும். அந்தக் கவ்வியோ, காற்றை வெளியேற்றும் ஊசியோ படகில் தயாராக இருக்க வேண்டும் என்று 2022இல் சட்டமே நடைமுறைக்கு வந்திருந்தது. கவ்வியால் இறக்காமல் வெறுமனே வீசினால் மீன் வயிறு மேலாக மிதந்துகொண்டே போகும், டால்ஃபின்கள் கூடவே வந்து தின்றுவிடும். அன்று எங்களுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு மீன் நிறைந்த பிறகு, வேறு ஏதாவது கிடைக்குமா என்று தூண்டிலை இறக்கினால் அப்போதும் இதே மீன்தான் வந்துகொண்டிருந்தது. பதினோரு முறை கவ்வி கீழே போய் வந்தது. அவற்றில் எத்தனை பிழைத்திருக்கும் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அந்தச் சாவுகளுக்கும் கோட்டாக் கணக்கில் ஒரு மதிப்பீடு உண்டு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

இருந்தாலும் அவன் சொல்வதை எல்லாம் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது படகிலேயே சண்டை போட்டோம். நாடாளுமன்றம் பணம் ஒதுக்கிப் பல்கலைக்கழக அறிஞர்களைக் கொண்டு எண்ண வைத்ததில் வளைகுடாவில் 11 கோடியே 80 லட்சம் ரெட் ஸ்னாப்பர்கள் இருப்பதாக 2021இல் தெரியவந்தது, முன்பு நினைத்ததைப்போல மூன்று மடங்கு, அப்புறம் எதற்குக் கஞ்சத்தனம் என்பது அவன் கட்சி. ஆனால் அவற்றில் பெரும்பகுதி, தூண்டில்காரர்கள் போய் நிற்கும் பார்களில் இல்லை. ஆளற்ற பரந்த அடித்தளத்தில் சிதறிக் கிடக்கிறது. எல்லாரும் ஒரே பாரில் நின்று அள்ளினால் அந்தப் பார் காலியாகும். வீட்டில் மூட்டை நெல் இருக்கிறது என்பதற்காகக் குழம்புச் சட்டியைச் சுரண்டுவதா? வணிக மீனவர்களின் 51 விழுக்காட்டைப் பற்றி அவன் பேசுவதும் எனக்கு உவப்பாக இல்லை. படகு இல்லாதவனும், படகு வாங்க முடியாதவனும் அந்த மீனை வாங்கிச் சாப்பிடுவது அந்தப் பங்கிலிருந்துதான். காசிமேட்டு ஏலத்தில் கூடையோடு நிற்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் அதை மறக்கக் கூடாது என்று சொன்னேன். அத்தோடு அரை மணி நேரம் பேச்சில்லை.

ஊருக்குத் திரும்பி, பழையபடி கற்களின்மேல் உட்கார்ந்த பிறகு அந்தச் சண்டை வேறு வடிவில் எனக்குள் தொடர்ந்தது. நம் கடற்கரையில் மீனுக்கு இத்தனை பவுண்டு என்ற கோட்டா கிடையாது. நம்மிடம் இருப்பது நாட்களும் இடங்களும்தான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. 2001இல் 45 நாட்களாகத் தொடங்கி 2017இல் 61 ஆனது. கரையோரக் கடல் சிறு படகுகளுக்கு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதை விசைப்படகுகள் மீறுவதாக எழும் சண்டை ஓய்ந்தபாடில்லை. தடைக்காலத்தில் வஞ்சிரத்தின் விலை ஏறியதும், மற்ற நாட்களில் எங்களைத் திரும்பியும் பார்க்காதவர்கள் பாறைமேல் ஏறி வந்து ‘ஏதாச்சும் மாட்டுச்சா?’ என்று கேட்பார்கள்.

பங்கு பிரிப்பது நமக்குத் தெரியாத கலையும் அன்று. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறை என்று ஒன்று தலைமுறைகளாக நடந்துவருகிறது. இறால் வரத்து நன்றாக இருக்கும் இடங்களில் சுத்து வலை கட்டும் உரிமையை, பாடு உரிமையுள்ள ஊர்களுக்குள் முறைவைத்து, ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குக் குலுக்கலில் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. எடையைப் பற்றிய பேச்சே இல்லை. எத்தனை பேர், யார் யார் என்பது ஊருக்கு மனப்பாடம் என்பதால் 0.4875 போன்ற பெருக்கெண் அங்கே தேவைப்படாது. என் மருமகனிடம் இதைச் சொன்னபோது, “இங்க வந்து சொல்லிக் குடுங்க மாமா” என்றான். நானும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். பிறகு யோசித்தால், அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் அந்தத் தலைக்கட்டுப் பட்டியலில் இல்லை. 1979 முதல் 1987 வரை யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்த்துப் பங்கு போட்டவர்களும், யார் தலைக்கட்டு என்று பார்த்துப் பாடு போட்டவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள்: கணக்கு எழுதிய அன்று கண்ணில் பட்டவர்களுக்குப் பங்கு.

அப்படிப் பார்த்தால் நான் யார் கண்ணில் பட்டிருக்கிறேன்? நம் நாட்டின் கடல்மீன் பிடிப்பை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் மீன் இறங்குதளங்களில் மாதிரி எடுத்து மதிப்பிடுகிறது. படகு வந்து சேரும் இடத்தில் எடுக்கும் கணக்கு அது. பாறைமேல் உட்கார்ந்து ஏழு கிழங்கானைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறுகிறவன் எந்த இறங்குதளத்துக்கும் வருவதில்லை. ஞாயிறுகளில் திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை நான் பார்க்கும் தூண்டில்கள் நூற்றுக்குக் குறையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகுகளையும் வலைகளையும் கணக்கெடுத்தார்கள். அதுதான் முதலில் எடுக்க வேண்டிய கணக்கு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதன்பின் பல மாதங்கள் எங்கள் தூண்டிலுக்கு முகத்துவாரத்தில் மடவையே வரவில்லை என்பதைச் சொல்ல எங்களில் ஒருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்கவில்லை. முன்பு எத்தனை பிடித்தோம் என்று எழுதி வைத்திருந்தால்தானே இப்போது குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியும்? என் மருமகன் எண்ணிச் சொல்லியும் நம்பவில்லை என்று கொதிக்கிறான். நான் எண்ணவே இல்லை.

ஆகவே சென்ற தை மாதம் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பக்கத்துக் கல்லில் உட்காரும் நண்பர், ‘வீட்டுக்கு மளிகைக் கணக்கு எழுதாதவன் மீனுக்குக் கணக்கு எழுதுறான்’ என்று கேலி செய்தார். மூன்றாம் வாரம் அவரும் தன் மீனைச் சொல்லி எழுதச் சொன்னார். சின்ன மீனை விட்டுவிடும் பழக்கமும் எனக்கு இப்போது கொஞ்சம் வந்திருக்கிறது. கண்ணால் பார்த்துத்தான் விடுகிறேன். அளவுப் பலகை வாங்கும் அளவுக்கு முற்றவில்லை.

போன ஞாயிறு முகத்துவாரத்தில் எழுதியது இது: காலை 5.20 முதல் 9.00 வரை. கிழங்கான் 7, ஊடான் 3, சிறு பாறை மீன் 1. விட்டது 2. காக்கா ஆழிச் சிப்பியின் ஓட்டில் உரசி அறுந்த முள் 4. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மருமகனுக்கு அனுப்பினேன். அவன் உடனே பதில் போட்டான்: “பதினொண்ணை 0.4875ஆல பெருக்கினா அஞ்சு சொச்சம்தான் வருது மாமா. மீதி ஆறு மீன் எங்கே?”

உன் அத்தை அதற்கு அப்போதே மிளகாய்த்தூள் தடவிவிட்டாள் என்று எழுதி அனுப்பினேன்.